கைப்பிடி அரிசியின் கணக்கு

ஒரு திருச்சபையை நடத்துகின்ற நெறிகள் யாவை என்று எவரேனும் வினவினால், அச்சபையின் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவதும், விசுவாசப் பிரமாணத்தை ஒப்புவிப்பதும், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களின் சாரத்தை எடுத்துரைப்பதுமே வழக்கமாயிருக்கிறது. ஆயினும், இவற்றில் எங்கும் எழுதப்படாததாயும், இவை யாவற்றுக்கும் உயிர்நிலையாயும் விளங்குகிற ஒரு நெறியைத் திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்டுக் கிராமங்களில் அடுப்பங்கரையிலே தேடிக் காண வேண்டும் என்பது என் துணிபு.

கைப்பிடி அரிசி என்று அங்கே சொல்லுவார்கள். உலை கொதிக்கும் வேளையில், அன்றைக்கு வேண்டிய அரிசியைப் படியால் அளந்து சுளகில் கொட்டிய வீட்டுக்காரி, கல் பொறுக்கிப் புடைத்து முடித்த பின்பு, அதைக் களைவதற்கு முன்னே, அந்த அளவிலிருந்தே ஒரு பிடியை எடுத்து, சுவரோரத்தில் தனியே வைத்திருக்கும் ஓலைக் கொட்டானில் போடுகிறாள்; அந்தக் கொட்டான் நிறைந்தபின் கோயிலுக்குப் போகிறது; அங்கே பல வீட்டு அரிசியும், நயமென்றும் மட்டமென்றும் பேதமில்லாமல் ஒரே குவியலாகி, விற்கப்பட்டு, அந்தப் பணம் சபைக் கணக்கிலே வரவு வைக்கப்படுகிறது. இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அந்தப் பிடி உண்டு மிஞ்சியதிலிருந்து ஒதுக்கப்படுவதன்று, இருப்பிலிருந்து எடுக்கப்படுவதுமன்று, பானைக்கென்று அளந்ததிலிருந்து குறைக்கப்படுவது. ஆதலால் அன்றிரவு அந்த வீட்டில் யாரோ ஒருவருடைய வட்டிலில் ஒரு பிடிச் சோறு குறைவாகவே விழும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ண உட்காருகிறவளுடைய வட்டிலாகவே அது பெரும்பாலும் இருக்கும். ரொக்கம் கையில் புரளாத காலத்துப் பெண்களுக்கு, யாரையும் கேளாமல், தம் சுய இச்சையால் ஈயத்தக்க பொருள் அடுக்களை அரிசி ஒன்றே என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ஒரு சபையின் பொதுச் சொத்துக்குள்ளே எத்தனை பேருடைய பெயர் தெரியாத உரிமை கலந்திருக்கிறது என்பது விளங்கும். வடகிழக்கே மிசோரம் மலைகளிலும் இந்த வழக்கம் 1910ஆம் ஆண்டு வாக்கில் வேரூன்றி, இன்றைக்கும் அந்நாட்டுச் சபையின் வருவாயில் கணிசமான பங்கைத் தந்து வருகிறது. ஏழைகள் எங்கே சபையானார்களோ அங்கே இந்தப் பிடியும் உடன் தோன்றியது போலும்.

திருநெல்வேலிச் சபை அன்னிய நாட்டுப் பணமின்றியே வளர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது உண்மைக்கு விரோதமாகும். சீமையிலிருந்து மிஷன் சங்கங்கள் அனுப்பிய பொருளால் எழுந்த பள்ளிகளும் கோபுரங்களும் கண்முன் நிற்கின்றன. ஆனால் அச்சபையின் ஆதி வரலாற்றை நோக்குமிடத்து, அதன் முதற்கல்லை இட்டவர் ஒரு பெண்ணாகவே இருக்கக் காண்கிறோம். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை ஒருவர், 1778ஆம் ஆண்டில் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்னும் பெயர் பூண்டு, பாளையங்கோட்டையிலே 1785ஆம் ஆண்டில் ஒரு சிறு ஆலயத்தைக் கட்டுவித்தார். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊரார் இன்னும் அதைச் சொல்லக் கேட்கலாம். அதன் பின்னர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியுஸ் ஐயர் காலத்தில், கிறிஸ்தவர்களானமையால் குடியிருந்த இடத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்களும், கூரை பிரிக்கப்பட்டவர்களும், வேலை மறுக்கப்பட்டவர்களும் பெருகிய பொழுது, அவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக் குடியேற்றுவதற்கென்று 1830ஆம் ஆண்டில் தரும சங்கம் என்ற ஒன்று நிறுவப்பட்டது. அன்று முதல் தேரியும் பனங்காடுமாய்க் கிடந்த வெளிகளில் புதிய குடியிருப்புகள் உண்டாயின. மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம் என்ற பெயர்களை இன்று பேருந்தின் நெற்றியிலே வாசித்துவிட்டுச் சாதாரணமாய்க் கடந்து போகிறோம். ஒதுங்க இடமற்றவர்களுக்கு இடம் கொடுப்பதே இச்சமுதாயத்தின் பிறப்பு வரலாறு என்பதை அப்பெயர்களுக்குரிய ஊர்களிலே வாழ்கிறவர்களாகிலும் மறத்தலாகாது.

கொடையின் கதையில் எனக்கு மிகவும் உவப்பான அத்தியாயம் 1903ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மெஞ்ஞானபுரத்துக்கு அருகே வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் ஒரு கிராமக் குருவானவருக்கு மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, தம்மையொத்த இளைஞர் சிலருடன் கூடி, அவ்வாண்டு பிப்ரவரித் திங்களிலே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தினார். இந்தியருடைய பணம், இந்தியருடைய ஊழியம், இந்தியருடைய நிர்வாகம் என்பது அதன் நியதி. நூறாண்டுக்கு மேலாக வாங்கிப் பழகிய கை கொடுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். பனையேறிகளும் கூலிக்காரரும் விதவைகளும் நிறைந்த சபைகள், தம் பாஷை பேசாத, தாம் ஒருநாளும் பார்த்திராத ஜனங்களுக்காக, அப்பொழுது நிஜாம் இராச்சியத்திலிருந்த தோர்ணக்கல் என்னும் தெலுங்குப் பிரதேசத்துக்கு, மறு ஆண்டிலேயே தம் ஊழியரை அனுப்பி அவருக்குச் சம்பளமும் கொடுத்தன. அந்தத் தோர்ணக்கலுக்கே அசரியா 1912ஆம் ஆண்டில் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அந்த ஸ்தானம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்கு இரண்டாண்டு முந்தி, 1910இல், எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டிலே, மேனாட்டாரின் தியாகங்களை மனமாரப் போற்றிய அவர், எங்களுக்குச் சிநேகிதரும் வேண்டும் என்று பலர் முகம் சிவக்கும்படி கேட்டதை இன்றும் உலகம் நினைவுகூர்கிறது. கைநீட்டி வாங்குகிறவராக மட்டும் நின்றிருப்பாராயின் அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்க முடியாது. தானும் கொடுத்துப் பழகிய சபையொன்று பின்னே இருந்தமையால்தான் அவருக்கு அந்தத் தைரியம் வந்தது என்று நான் நம்புகிறேன்.

இனி அறுப்பின் பண்டிகையைப் பார்க்கலாம். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்திலே ஏலம் தொடங்குகிறது. வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய நாட்டுக்கோழி என்று அவரவர் விளைவின் முதற்பலன் வரிசையாய் வந்து சேர, ஏலம் கூறுகிறவர் ஒவ்வொன்றையும் உயர்த்திப் பிடித்து விலை கூறுகிறார். ஒரு முட்டை வருகிறது. வளர்த்த கோழியொன்றே ஆஸ்தியாயுள்ள ஒரு பாட்டி கொண்டு வந்தது. அதை ஒருவர் ஐம்பது ரூபாய்க்கு எடுக்கிறார். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. மறுபடியும் காணிக்கையாகத் திருப்பித் தருகிறார். இன்னொருவர் நூறுக்குக் கேட்கிறார். அவரும் திருப்பித் தருகிறார். இவ்விதமாய் அந்த ஒரே முட்டை பல கை மாறி, சந்தை விலையைப் போல் பல நூறு மடங்கைச் சபைக்குச் சேர்த்த பிறகே ஓய்கிறது. அங்கே ஓரமாய் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்தவர்கள், சமத்துவம் என்பது பிரசங்க பீடத்திலிருந்து மாத்திரம் போதிக்கப்படுவதன்று என்பதை ஒத்துக்கொள்வார்கள். அவளுடைய முட்டைக்கு அன்று கிடைத்த மதிப்பு, பெருந்தனக்காரர் எழுதிக் கொடுத்த காசோலைக்குக் கிடைக்கவில்லை.

அசனப் பண்டிகையும் இந்த நெறியின் மறுபக்கமே. முந்தின இரவு முழுவதும் கோயில் வளாகத்திலே பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து காய்கறி நறுக்க, ஆண்கள் கோட்டை அடுப்பு மூட்டி அண்டா ஏற்ற, விடியும்போது ஓலைப் பாயின்மேல் வெண்துணி விரித்து வடித்த சோறு மலையாய்க் குவிந்திருக்கும். அதன்பின் பந்தி. வைத்தியரும் வண்ணாரும், வீட்டுக்காரரும் வேலைக்காரரும், கிறிஸ்தவரும் அல்லாதாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள். அரிசியும் காய்கறியும் அனுப்புகிறவர்களில் அண்டையிலுள்ள இந்துக்களும் முஸ்லிம்களும் இருப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

ஆயினும் இந்தப் பந்தி எளிதில் அமைந்துவிடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டில், சபைக்குள்ளே ஜாதி வேற்றுமையை அறவே விட்டொழிக்க வேண்டுமென்று உத்தரவிட்ட பொழுது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதற்கு இணங்காமல் சபையை விட்டே விலகி நின்றார்கள். இன்றளவும் நம் ஆலயங்களில் பாடப்படுகிற இனிய கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், பாட்டிலே அத்தனை பக்தி பொங்கியும், ஜாதியை விடச் சொன்ன மிஷனெரிமாருடன் கடுமையாக வாதாடினார். அவருடைய பாட்டுக்களை நான் அருமையாகப் போற்றுகிறேன்; அவருடைய இந்த நிலையை ஏற்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. மதுரையிலே அமெரிக்கன் மிஷனார் 1847ஆம் ஆண்டில், தங்கள் ஊழியர் யாவரும் ஜாதி பாராமல் கூடி உண்ண வேண்டுமென்று அன்பின் விருந்தொன்றைக் கட்டளையாக்க, அதற்கு உடன்படாத உபதேசியார்கள் பலர் வேலையையே இழக்க நேர்ந்தது. ஒரு கவளம் சோறு இத்தனை மனிதரைச் சோதித்தது! அந்தச் சோதனை முற்றிலும் தீர்ந்து போய்விட்டதென்று சொல்வதற்கில்லை. ஒரே பந்தியில் உண்டவர்கள் பெண் கொடுக்க, பெண் எடுக்க ஜாதி பார்க்கிறார்கள்; பந்தியில் பிரியாத சிலர் கல்லறைத் தோட்டத்திலே பிரிகிறார்கள். அசனத்தைக் குறித்துப் பெருமை பாராட்டுகிற நம்மை, வருஷத்தில் ஒருநாள் பந்தியில் அநுசரிப்பதை ஏனைய நாட்களிலும் அநுசரிக்கும்படி கேட்க எவருக்கும் உரிமையுண்டு.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி, தேசம் சுதந்தரமடைந்து ஏறக்குறைய ஆறு வாரங்களில், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கரும், மெதடிஸ்தரும், முன்னரே தம்முள் இணைந்திருந்த பிரஸ்பிடீரியரும் காங்கிரிகேஷனலாரும் ஒரே சபையானார்கள். 1919இல் தரங்கம்பாடியிலே, பெரும்பாலும் இந்தியர்களான சில குருமார் கூடிச் செய்த ஆலோசனை 28 ஆண்டுகள் கழித்துக் கைகூடிற்று. அதற்காக இறுதிவரை பாடுபட்ட அசரியா, 1945ஆம் ஆண்டின் முதல் நாளிலே காலமானமையால், அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. பேராயர்களும் குருமாரும் சபை மக்களும் கூடியே தீர்மானிப்பது என்பது அப்பொழுது அச்சபை மேற்கொண்ட ஆட்சிமுறை. சபைமன்றம், பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்குரிய சேகரமன்றம், பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலப் பெருமன்றம் என்று படிப்படியாய் எழும் அந்த அமைப்பில், பனைத்தொழிலாளியும் பேராசிரியரும் ஒரே வாக்குடையவர். இதைக் காட்டிலும் உயர்ந்த ஏற்பாட்டை நான் அறியேன்.

அப்படிப்பட்ட ஏற்பாடு இன்றைக்கு வந்து நிற்கிற நிலையைக் கண்டு வருந்தாத விசுவாசி இருக்க முடியாது. மூன்றாண்டுக்கொரு முறை திருமண்டலத் தேர்தல் வருகிறது, அது வருவதற்கு ஆறு மாதம் முந்தியே அணிகள் பிரிகின்றன, சுவரொட்டிகள் எழும்புகின்றன, வாகனங்கள் ஓடுகின்றன, விருந்துகள் நடக்கின்றன, வாக்கெண்ணி முடிந்த மறுநாளே தோற்றவர் நீதிமன்றத்துக்குப் போகிறார். ஓய்வுபெற்ற நீதியரசர்களை நியமித்துத் திருச்சபை நிர்வாகத்தை நடத்த வேண்டிய அவலம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நேர்ந்திருக்கிறது. வழக்கறிஞர் சன்மானம் எந்தப் பணத்திலிருந்து கொடுக்கப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், வழி நெடுகச் சென்று அது அந்த ஓலைக் கொட்டானில் முடியும் என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது.

இதற்கு மனிதருடைய தீய குணமே காரணம் என்று சொல்லிவிட்டு ஜெபக்கூட்டம் ஒன்று கூட்டிக் கலைந்து போவது, நோயின் மூலத்தை நாடாத வைத்தியமாகும். குருமாரல்லாத சபை மக்களிலிருந்து வரும் லே செயலர், பொருளாளர் முதலான பதவிகளுக்கு இத்தனை போட்டி ஏன்? ஆராதனை முறையைத் திருத்துவதற்காக எவரும் இவ்வளவு செலவு செய்வதில்லை. திருமண்டலத்தின் வசமுள்ள பள்ளிகளிலும் கல்லூரிகளிலும், அரசாங்கத்தார் சம்பளம் கொடுக்கிற ஆசிரியர் இடங்கள் அநேகம். அவ்விடங்களுக்கு ஆளை நியமிக்கும் அதிகாரமும், மாணவரைச் சேர்க்கும் அதிகாரமும், சபை நிலங்களைக் குத்தகைக்கு விடும் அதிகாரமும் தேர்தலில் வென்றவர் கையிலே சேர்ந்திருக்குமளவும், நல்லவர் நின்றாலும் அவரைச் சூழ்ந்து நிற்பவர்கள் அந்த அதிகாரத்தையே நாடி நிற்பார்கள். வேலையில்லாத பட்டதாரிப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிற தகப்பன், எந்த அணிக்கு வாக்களித்தால் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று எண்ணுவதை நான் குற்றம் சொல்லத் துணியேன். அவனை அப்படி எண்ண வைத்த ஏற்பாட்டைத்தான் குற்றம் சொல்லுகிறேன். ஆகவே, நியமனங்களைத் தேர்தலினின்றும் பிரித்து, தகுதிப் பட்டியலை முன்கூட்டியே சபைதோறும் ஒட்டி, அப்பட்டியலின் வரிசைப்படியே இடம் வழங்குவதென்று விதி செய்துவிட்டால், தேர்தலின் உஷ்ணம் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரவுசெலவு அறிக்கை ஆண்டுதோறும் அச்சிடப்படத்தான் செய்கிறது. தணிக்கையாளர் கையொப்பமும் அதில் இருக்கிறது. ஆனால் அது பெருமன்ற உறுப்பினர் கைக்குப் போகிறதேயன்றி, கொட்டானில் அரிசி போட்டவளுடைய காதுக்குப் போவதில்லை. போனாலும் அவளுக்கு விளங்குகிற தமிழில் போவதில்லை. ஈதலே ஒரு சமுதாயத்தின் நெறி என்றால், ஈந்த பொருளுக்குக் கணக்குச் சொல்லுதலும் அதற்குச் சமமான நெறியாதல் வேண்டும். கொடுத்தவன் கணக்குக் கேட்டால் அவன் பக்தி குறைவுபட்டதென்று பேசுகிற ஒரு வழக்கம் நம்மிடையே புகுந்திருக்கிறது. ஆதிச் சபையிலே, எருசலேமின் ஏழைகளுக்கென்று பல சபைகளில் சேர்த்த தர்மப் பணத்தை எடுத்துச் சென்ற பவுல் அப்போஸ்தலர், தம்மேல் யாதொரு சந்தேகமும் எழாதிருக்கும்படி, சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களையும் கூடவே அழைத்துச் சென்றதாக வேதம் சொல்லுகிறது. அவருக்கு இல்லாத கௌரவக் குறைவு நம் பொருளாளர்களுக்கு எப்படி உண்டாகும்?

இப்படியெல்லாம் பொதுப் பத்திரிகையில் எழுதுவது சபையைப் பிறர் இகழ இடங்கொடுப்பதாகும் என்று சிலர் மனம் நொந்து கூறுவர். அவர்களுடைய மனவருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நீதிமன்றத்தில் நாமே எழுதிக் கொடுத்த குற்றச்சாட்டுகளை நாட்டார் ஏற்கெனவே அறிவார்கள். அவர்கள் அறியாதது அந்த முட்டையும் அந்தப் பந்தியும் அந்தக் கொட்டானுமே. பெரிய கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் கைப்பிடி அரிசியால் நடத்த முடியுமா என்று வேறு சிலர் கேட்பர். முடியாதுதான். கோடிக்கணக்கில் புரளும் பணத்துக்கு நிபுணர்களும் சட்டதிட்டங்களும் அவசியம். எனினும் அந்தக் கோடிகளைக் கையாளுகிறவரிடத்திலே ஒரு பிடியைக் குறைத்துக் கொடுத்தவளுடைய பயபக்தி இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமன்று.

மாதந்தோறும் ஏதேனும் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து ஜனங்கள் கலையுமுன்னே, அந்தச் சேகரத்தின் வரவும் செலவும், மேலிடத்துக்கு அனுப்பியதும் மேலிடத்திலிருந்து வந்ததும், எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும் தமிழில் உரக்க வாசிக்கப்படட்டும். வாசித்த பிறகு கேள்வி கேட்கப் பெண்களுக்கு முதல் இடம் கொடுக்கப்படட்டும். இதற்குப் பெருமன்றம் கூடவும் வேண்டாம், சட்டம் திருத்தவும் வேண்டாம். சேகரமன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.